கோஜிக் அமிலம் தடுப்பது காளானையா, நம் தோலையா?

சோதனைக்குழாய்:
தோலுக்குக் கருமை தரும் மெலனின் நிறமி உருவாகும் முதல் படியே டைரோசினேஸ் நொதியின் கையில் இருக்கிறது. அதன் மையத்தில் இரண்டு செம்பு அயனிகள். தோல் நிறத்தைக் குறைக்கும் கிரீம்களில் சேர்க்கும் கோஜிக் அமிலம் அந்தச் செம்பைப் பற்றிக்கொள்ள, நொதி முடங்கிவிடுகிறது. நானே செய்து பார்த்தேன். மெலனினின் மூலப்பொருளான டோபாவின் கரைசலில் நொதியை விட்டதும் ஆரஞ்சு நிறம் ஏறி, போகப்போகக் கருத்தது. அமிலம் சேர்த்த குழாயோ தண்ணீர் போலவே நின்றது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கருமை:
எந்த டைரோசினேஸ், நண்பரே?

சோதனைக்குழாய்:
காளானில் எடுத்ததுதான். எல்லோரும் அதைத்தானே வாங்குகிறார்கள்?

கருமை:
வாங்குகிறார்கள், மலிவாகக் கிடைப்பதால். காளான் நொதி நீரில் கரைவது. மனித நொதி, நிறமி செல்லுக்குள் மெலனோசோம் என்னும் நுண்பையின் சவ்வில் பதிந்திருப்பது. 2018இல் வெளியான ஆய்வில் 50,000 சேர்மங்களை மனித நொதியிலேயே சோதித்தார்கள். தயமிடால் என்ற சேர்மம் தேறியது. கோஜிக் அமிலமும், நிறம் குறைக்கும் மருந்தான ஹைட்ரோகுவினோனும் மிகவும் பின்தங்கிவிட்டன.

இடைப்பட்டவன்:
அப்படியானால் ஹைட்ரோகுவினோனை மங்குவுக்கு மருத்துவர்கள் இத்தனை காலம் எழுதிக்கொடுத்தது வீணா? பலன் கண்ணுக்குத் தெரிகிறதே.

கருமை:
பலன் உண்டு. அது நிறமி செல்லையே பாதிக்கிறது என்பதும் அதற்கு ஒரு காரணம். ரோடோடென்ட்ரால் என்ற நிறம் குறைக்கும் பொருளை நினைத்துப் பாருங்கள். ஜப்பானில் 2013இல் அதைக் கொண்ட கிரீம்கள் திரும்பப் பெறப்பட்டன. தடுப்பான் என்று உள்ளே அனுப்பினார்கள். நொதி அதையே இரையாக்கி நச்சுக் குவினோனாக மாற்றிவிட்டது. செல்கள் மடிந்தன, ஆயிரக்கணக்கானோருக்கு வெண்திட்டுகள் விழுந்தன.

சோதனைக்குழாய்:
ஒரு விபத்தைக் காட்டி எல்லாவற்றையும் தள்ளாதீர்கள். வைட்டமின் பி3 வகையான நியாசினமைடு செல்லைக் கொல்வதில்லை. மெலனோசோம்கள் அண்டையிலுள்ள கெரட்டினோசைட் என்னும் மேல்தோல் செல்லுக்குப் போகும் வழியை மறிக்கிறது, அவ்வளவுதான்.

கருமை:
முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது டைரோசினேஸைத் தடுப்பதில்லை. உங்கள் குழாயில் விட்டிருந்தால் குழாய் கருத்திருக்கும், நீங்களும் பயனற்றது என்று தூக்கி எறிந்திருப்பீர்கள். நிறமி செல்லைத் தனியே வளர்த்தபோதும் அதன் பலன் தெரியவில்லை. கெரட்டினோசைட்டுடன் சேர்த்து வளர்த்த பிறகுதான், மெலனோசோம் கைமாறுவது 35 முதல் 68 சதவீதம் வரை குறைந்தது புலப்பட்டது.

சோதனைக்குழாய்:
காளான் நொதி இன்னொரு புட்டி வாங்க எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.