உதவி: வாட்ஸப்பில் போடும் மழை வரைபடம் சில போன்களில் ஏறி இறங்கித் தெரிகிறது

மொட்டைமாடி மானி:
வணக்கம். கடலூர் பக்கம் இருக்கிறேன். மாடியில் மழைமானி வைத்து அளந்து, தெரு வாட்ஸப் குழுவில் போடுகிறேன். வெறும் எண்களைப் போட்டால் யாரும் பார்ப்பதில்லை. "இந்த வாரம் ஏறுதா இறங்குதா" என்றுதான் கேட்கிறார்கள். கூகுள் ஷீட்ஸ் விரிதாளில் ஸ்பார்க்லைன் என்ற குட்டி வரைபடம் இருக்கிறது. ஆனால் அது விரிதாளின் ஒரு செல்லுக்குள் வரையும் படம், எழுத்தாக நகலெடுக்க வராது. ஸ்கிரீன்ஷாட் என்றால் மழை நாளில் நெட் இழுத்துக்கொண்டே இருக்கும், படம் இறங்காது. அதனால் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் குறிக்கும் எண் கொடுக்கும் பொதுப் பட்டியல்) உள்ள ▁ முதல் █ வரையிலான எட்டுக் கட்டக் குறிகளை வைத்து ஒரே வரியில் போடுகிறேன்:

0, 4, 18, 142, 71, 9, 0 (மி.மீ.)
▁▁▁█▄▁▁

வாரத்தின் பெரிய எண்ணால் வகுத்து, 7ஆல் பெருக்கி, தசமத்தை வெட்டி, அந்த எட்டுக் குறிகளில் ஒன்றை எடுக்கிறேன். என் போனில் சரியாக இருக்கிறது. எதிர் வீட்டு மாமா போனில் █, ▄ இரண்டும் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் கீழே இறங்கி நிற்கின்றன. இன்னொன்று, 18 மி.மீ. பெய்த நாளும் காய்ந்த நாளும் ஒன்றுபோலத் தெரிகின்றன. பல வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடும்போது மாதப் பெயரை முன்னால் போட்டு இடைவெளி விட்டு நேராக்கப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

எழுத்துருப் பிரியன்:
உங்கள் கணக்கில் கோளாறு இல்லை அண்ணா, எழுத்துருவில்தான். இந்த எட்டுக் குறிகளும் யூனிகோடில் 2581 முதல் 2588 வரை அடுத்தடுத்து இருக்கின்றன. ஆனால் █, ▄ இரண்டும் 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த கோட்பேஜ் 437 என்ற பழைய எழுத்துத் தொகுப்பிலேயே இருந்தவை. அதனால் பல எழுத்துருக்களில் இந்த இரண்டு மட்டும் இருக்கும், மற்ற ஆறு இருக்காது. இல்லாத ஆறையும் போன் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிப் போடும். இரண்டு எழுத்துருவுக்கும் எழுத்து உட்காரும் கோடும் அகலமும் வேறு. பார்ப்பவர் போனில் என்ன எழுத்துரு இருக்கிறதோ அதைப் பொறுத்தது என்பதால் அனுப்புகிற இடத்திலிருந்து எழுத்துருவை மாற்ற முடியாது. அந்த இரண்டையும் விட்டுவிட்டு ▁▂▃▅▆▇ ஆறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆறும் ஒரே எழுத்துருவிலிருந்து வரும்.

மாதப் பெயர் விஷயம்: தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் இருக்காது. இடைவெளி போட்டு நேராக்கும் நிரல்களும் ஏமாறும். "மேட்டூர்" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, யூனிகோட் கணக்கில் எட்டு. பெயரைப் படத்துக்குப் பின்னால் போடுங்கள், எல்லா வரியும் இடது ஓரத்தில் ஒன்றாகத் தொடங்கும்.

ஏரிக்கரை:
குறி சரியாகிவிட்டாலும் அளவுகோல் சரியாகாது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. வாரத்தின் பெரிய எண்ணால் வகுத்தால் ஒவ்வொரு வாரமும் அளவுகோல் மாறும். 12 மி.மீ.தான் அதிகம் என்ற வாரத்திலும் ஒரு கட்டம் உச்சியில் நிற்கும், 142 பெய்த வாரத்திலும் அதே உச்சி. போன வாரத்து வரியையும் இந்த வாரத்து வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

இந்திய வானிலைத் துறையின் படிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2.5 மி.மீ.க்குக் குறைந்தால் அவர்கள் கணக்கில் அது மழைநாளே இல்லை; அதற்கு ▁. 15.5 வரை லேசான மழை ▂, 64.4 வரை மிதமானது ▃, 115.5 வரை கனமழை ▅, 204.4 வரை மிக கனமழை ▆, அதற்கு மேல் அதி கனமழை ▇. ஆறு படி, ஆறு குறி. உங்கள் எண்கள் இப்படி வரும்:

▁▂▃▆▅▂▁

செய்தியில் "கனமழை" என்று கேட்டவருக்கு ▅ என்றால் எவ்வளவு என்று உடனே பிடிபடும். போன வருட வரியையும் கீழே போட்டு ஒப்பிடலாம். காலை 8.30க்கு அளக்கிறீர்களா? அவர்களும் அதே நேரத்துக்குத்தான் முந்தைய 24 மணி நேர மழையை எடுப்பார்கள். நேரம் ஒத்திருந்தால்தான் அவர்கள் எண்ணோடு உங்கள் எண்ணை வைத்துப் பார்க்க முடியும்.

மொட்டைமாடி மானி:
மாமா போனில் பார்த்துவிட்டேன், ஏழு கட்டமும் ஒரே கோட்டில் நிற்கின்றன! மிக்க நன்றி. நேரம் 7 மணி என்று வைத்திருந்தேன், 8.30க்கு மாற்றிவிடுகிறேன். ஷீட்ஸிலேயே இந்த வரியைத் தானாக வரவைக்க முடியுமா? ஊருக்குப் போய் அளக்காமல் விட்ட நாளுக்கு என்ன போடுவது?

விரிதாள்:
முடியும். ஓரமாக ஒரு சின்ன அட்டவணை போடுங்கள்: 0, 2.5, 15.6, 64.5, 115.6, 204.5 என்று ஏறுவரிசையில், பக்கத்தில் ஆறு குறிகள். அட்டவணையில் தேடித் தரும் விலுக்கப் (VLOOKUP) சார்பில் கடைசி இடத்தில் ட்ரூ (TRUE) கொடுத்தால், எண் எந்தப் படியில் விழுகிறதோ அந்தக் குறி வரும். பிறகு எழுத்துகளை ஒட்டும் டெக்ஸ்ட்ஜாயின் (TEXTJOIN) சார்பை வைத்து ஏழு நாள் குறிகளையும் ஒட்டுங்கள். அதில் வெற்று செல்லைத் தவிர்க்கும் வசதியை அணைத்து வைத்தாலும் போதாது. இடைவெளிக் குறி இல்லாமல் ஒட்டும்போது வெற்று நாள் காணாமலே போய், வியாழன் புதன் இடத்துக்கு நகர்ந்துவிடும். அளவு செல் காலியாக இருந்தால் × வரட்டும் என்று ஒரு இஃப் (IF) நிபந்தனை சேர்த்துவிடுங்கள். ▁ போட்டுவிடாதீர்கள், அன்றைக்கு மழை இல்லை என்று பொய் சொல்வதாகிவிடும்.

ஏரிக்கரை:
அளக்காத நாளுக்கு அடுத்த நாள் மானியில் இரண்டு நாள் மழையும் சேர்ந்திருக்கும். அதைப் பாதியாகப் பிரிக்க வேண்டாம், ஒரே நாள் கணக்காகப் படியில் ஏற்றவும் வேண்டாம். இரண்டு நாளுக்கும் × போட்டு, மொத்தத்தை வரியின் கடைசியில் எண்ணாக எழுதுங்கள்.

குழுவில் பார்வையற்றவர் யாராவது இருந்தால் கட்டங்களுக்குக் கீழே "செவ்வாயிலிருந்து ஏறி வியாழனன்று மிக கனமழை, பிறகு குறைந்தது" என்று ஒரு வரி சேருங்கள். திரைவாசிப்பான் கட்டங்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கும், இல்லையென்றால் தாண்டிப் போய்விடும்.