தம்பி எதற்குமே பொறுப்பேற்க மாட்டேன் என்கிறான், என்ன செய்வது?

ஹட்டனில் இருக்கிறேன். நானும் தம்பியும் சேர்ந்து எடுத்த ஃபோர் ஸ்ட்ரோக் த்ரீவீல், 2015 மாடல், லீசிங் இன்னும் 14 மாதம் கட்ட வேண்டும். 8 மாதமாக அவன்தான் ஓட்டுகிறான். போன மாதம் ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது, ஒயில் அளவு பார்க்கும் குச்சியைத் துடைத்து விட்டுப் பார்த்தால் நுனியில்கூட ஈரமில்லை. கேட்டால் மழை, பாதை, கராஜ் பாஸ் (மெக்கானிக்), கடைசியில் "அண்ணா, நீங்க பழைய வண்டி எடுத்ததுதான் பிழை" என்கிறான்.

தனியாகப் பேசினேன், அப்பாவை விட்டும் சொல்ல வைத்தேன். ஒயில் மாற்றும் திகதியை ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன், இரண்டு தரம் எழுதினான், அப்புறம் கொப்பியையே காணோம், அதையும் என் மகள் எடுத்தாளாம். திட்டினால் நாங்கள் இருக்கும் லயத்து வீட்டுப் பக்கமே வரமாட்டான், அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். சாவியை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை, நல்ல பிள்ளைதான்.

உறவு முறியாமல் இப்படி ஒருவரை "என் பிழைதான்" என்று சொல்ல வைத்தவர்கள் இருந்தால், முதலில் என்ன செய்தீர்கள்?