நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாக: எதில் ஆரம்பிப்பது?

கேள்வி: பட்டர்வொர்த் அம்மா
வணக்கம். மகளுக்கு 19 வயசு. நெற்றியில், முடி ஓரமாக, தோல் நிறத்திலேயே பொடிப்பொடியாக நிறைய. அரிப்பு இல்லை, சீழும் இல்லை. மூக்கில் கரும்புள்ளி. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவித்தான் படுப்பாள். காலையில் ஹெல்மெட் மாட்டி மோட்டாரில் பாயான் லெப்பாஸ் வேலைக்கு. ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தும் குறையவில்லை. எந்த மருந்து, எவ்வளவு?

பதில்: செந்தூல் மருந்தாளுநர்
அம்மா, முதலில் ஸ்க்ரப்பை நிறுத்துங்கள். இது அழுக்கால் வருவது இல்லை. தோல் துளையின் உள்சுவரில் உதிரும் செல்கள் எண்ணெய்ப் பசையோடு ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. வாய் மூடியிருந்தால் வெண்பொடி, திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கறுப்பு மெலனின். தேய்த்தால் போகாது, தோல்தான் புண்ணாகும்.

இந்த வகைக்கு நேரான மருந்து அடாபலீன் 0.1%. டாக்டரிடம் காட்டி வாங்குங்கள். ராத்திரி மிதமான ஃபேஸ்வாஷில் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, முகம் முழுவதற்கும் ஒரே ஒரு பட்டாணி அளவு. பொடி இருக்கிற இடத்தில் மட்டும் வைத்தால் பலன் பாதிதான், ஏனென்றால் அடுத்து வரப்போகும் அடைப்பு இன்னும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், மேலே மாய்ஸ்சரைசர். தோல் உரியும், பரு கொஞ்சம் கூடக்கூடச் செய்யலாம். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். 12 வாரம் ஆன பிறகுதான் பலனை எடைபோட வேண்டும். காலையில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பம், அல்லது அதற்கான திட்டம் இருந்தால் இந்த மருந்து கூடாது.

பதில்: ஜார்ஜ்டவுன் அக்கா
எண்ணெயையும் பாருங்கம்மா. ராத்திரி முழுக்க அது நெற்றிக்கும் தலையணை உறைக்கும் இறங்கும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால், முடியின் நீளத்தில் மட்டும் தடவி அலசட்டும். ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை துவைத்துக் காய வையுங்கள்.

எல்லாம் ஒரே அளவில், அரிப்போடு இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு அது சகஜம். பரு மருந்தில் அடங்காது. கேட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துதான் வேலை செய்யும்.

பட்டர்வொர்த் அம்மா:
ரொம்ப நன்றி. கன்னத்தில் இரண்டு சிவப்புப் பருவும் உண்டு. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு க்ரீம், ஏழு நாளில் முகம் பளிச்சென்று ஆகும் என்கிறார்கள்...

பதில்: செந்தூல் மருந்தாளுநர்
அதைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்ட க்ரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு கண்டுபிடித்து மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. பலமுறை எச்சரித்திருக்கிறது. எந்த அழகுப் பொருளானாலும் NOT என்ற எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

சிவப்புப் பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு 2.5%, காலையில் மெல்லிசாக. 10% வாங்க வேண்டாம். பலன் ஏறக்குறைய அதேதான், எரிச்சல்தான் அதிகம். அடாபலீன் தோலுக்குப் பழகியபின் இதைச் சேருங்கள். துணியை வெளுத்துவிடும், அதனால் வெள்ளைத் துண்டு. பருவைக் கிள்ளவே கூடாது: மாநிறத் தோலில் பரு ஆறினாலும் கறை மாதக்கணக்கில் நிற்கும். உள்ளே கட்டிபோல் வலித்தால் காத்திருக்காமல் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்குக்கு) கூட்டிப் போங்கள்.