வாய்ஸ் நோட்டைப் பில்லாக்கும் ஆப்: ஏஐ கருவி எங்கே சறுக்கும்? (புனைபெயரில் நால்வர் பேசுகிறார்கள்)

கல்லாப்பெட்டி:
மளிகைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் வரும் வாய்ஸ் நோட்டைப் பில்லாக மாற்ற வேண்டும். லவபிள், கர்சர் மாதிரி நிரல் எழுதும் ஏஐ கருவியிடம் சொன்னால் ஒரே மாலையில் திரை வந்து நின்றுவிடும். வேலை அதற்கப்புறம்தான்.

முதலில் ஒலி. சொந்த சர்வரில் விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மாடலை ஓட்டினால், மொழி தமிழ் என்று நாமே குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் முதல் 30 விநாடியை வைத்து அதுவே தீர்மானிக்கும். மலையாள எழுத்தில் பில் வந்தாலும் ஆச்சரியமில்லை. பேச்சில்லாத இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தையும் எழுதிவைக்கும். சிலேரோ மாதிரிப் பேச்சைக் கண்டறியும் மாடலால் மௌனத்தை முன்பே வெட்டிவிடுங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், முந்தைய துண்டின் எழுத்தை அடுத்ததற்குக் கொடுக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். பொருள் பெயர்களை முன்குறிப்பாகக் கொடுக்கலாம். ஆனால் கடைசி 224 டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு) தான் நிற்கும். ஸ்டாக் லிஸ்ட் முழுவதையும் கொட்டிப் பயனில்லை.

முக்கால்படி:
அடுத்த கண்டம் அளவு. 'கால் கிலோ சீரகம், ஒன்னரை கிலோ துவரம்பருப்பு, நூத்தம்பது கிராம் மிளகு, ரெண்டு முழம் பூ'. இதை மொழி மாடலிடம் கொடுத்து 'பில் போடு' என்றால் விலையையும் சேர்த்து அளந்துவிடும். மாடலிடம் மூன்றே மூன்று கேளுங்கள்: பொருள், அளவு, அலகு. குறிப்பில் இப்படி எழுதுங்கள்:

'கால் 0.25, அரை 0.5, முக்கால் 0.75, ஒன்றரை 1.5. அளவு சொல்லாவிட்டால் காலியாக விடு. ஊகிக்காதே.'

அந்தக் கடைசிச் சொல் இல்லாவிட்டால் 'கொஞ்சம் கடுகு' 100 கிராம் ஆகிவிடும். பெருக்கலும் கூட்டலும் நிரலில் நடக்கட்டும். காலியாக வந்த வரியைச் சிவப்பில் காட்டி, கடைக்காரர் தொட்டுத் திருத்தும்படி வையுங்கள். படி, ஆழாக்கு கேட்கும் ஊர் என்றால் 1 படிக்கு 8 ஆழாக்கு என்பதையும் சேருங்கள்.

செலவுக்கு: மாடலுக்கான கட்டணம் டோக்கன் எண்ணிக்கைப்படிதான். ஆனால் பழைய ஜிபிடி-4 காலத்துக் கணக்கை வைத்துப் பயப்பட வேண்டாம். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய தமிழ் மாதிரி 116 டோக்கனிலிருந்து 35 ஆகக் குறைந்திருந்தது.

எழுத்துப்பிழை:
பொருள் பெயர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. 'கோதுமை'யில் உள்ள 'கோ'வை ஒரே துணைக்குறியோடும் எழுதலாம், இரட்டைச் சுழி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். யூனிகோடில் இரண்டும் வேறு வரிசை. டேட்டாபேஸில் போடும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் ஒரே வரிசையாக ஒருங்கிணைத்தால் தீர்ந்தது.

தீராதது சௌசௌ. பலர் கடைசிக் குறிக்குப் பதிலாக 'ள' எழுத்தையே தட்டுவார்கள். என்எஃப்சி அதைத் தொடாது. கருவியிடம் சரிசெய்யச் சொன்னால், ஒற்றைச் சுழிக்குப் பின் 'ள' வரும் இடமெல்லாம் மாற்றும் ஒரு வரியை எழுதித் தரும். வெள்ளரிக்காயும் வெள்ளைப்பூண்டும் அதோடு நாசம். மாற்றுப்பெயர்ப் பட்டியலில் இரண்டு வடிவத்தையும் போட்டுவிடுவதே மேல். 'ஸ்ரீ' என்று தொடங்கும் பிராண்டுக்கும் இதே வைத்தியம்.

கல்லாப்பெட்டி:
பில்லைப் பிடிஎஃப் ஆக்கினால் கொம்பு இடம் மாறி நிற்கிறதே?

எழுத்துப்பிழை:
கருவி ஜேஎஸ்பிடிஎஃப் என்ற பிடிஎஃப் நிரலகத்தைப் போட்டிருக்கும். அது தமிழ் எழுத்தை அடுக்காது, வந்த வரிசையிலேயே வைக்கும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண். பில்லை எச்டிஎம்எல்லாக எழுதி, சர்வரில் குரோமியம் பிரவுசர் வழியாக அச்சிடுங்கள்.

பூட்டுசாவி:
டேட்டாபேஸ் சேவை சூபாபேஸ் என்றால் ஒவ்வொரு டேபிளிலும் வரிசைநிலைப் பாதுகாப்பு (எந்த வரியை யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு) இயங்குகிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். இல்லையென்றால், பிரவுசரில் வெளிப்படையாக இருக்கும் பொதுச் சாவியை வைத்து யாரும் வாடிக்கையாளர் போன் நம்பரை உருவிக்கொள்ளலாம். பிழை வந்தால் சில சமயம் கருவி சர்வீஸ் ரோல் சாவியை முன்பக்க நிரலில் வைத்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்றுவிடும். அந்தச் சாவி எல்லாப் பாதுகாப்பையும் தாண்டிப் போவது. தவறி வெளியே வந்தால் உடனே மாற்றுங்கள். மாடலை நிரலிலிருந்து அழைக்கும் ஏபிஐ சாவியும் சர்வரில்தான் இருக்க வேண்டும்.

முக்கால்படி:
40 வாய்ஸ் நோட்டையும் அவற்றுக்கான சரியான பில்லையும் தனியே எடுத்து வையுங்கள். சந்தைச் சத்தம், குழந்தை அழுகை, பாதியில் 'வேண்டாம், அதை எடுத்துடுங்க' என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். குறிப்பில் ஒரு சொல் மாற்றினாலும் நாற்பதையும் ஓட்டுங்கள். தேறினால் கிட்டில் (நிரலின் ஒவ்வொரு பதிப்பையும் சேமிக்கும் கருவி) கமிட். இல்லையென்றால் பழையதற்கே திரும்புங்கள். 'எடுத்துடுங்க'தான் பெரும்பாலும் முதலில் உடையும்.