குளிருக்குப் பூனைப் படுக்கையில் ஹீட்டிங் பேட் வைக்கலாமா?

மியாவ்வீடு:
12 வயசுப் பூனை ஒண்ணு, 3 மாசக் குட்டி ஒண்ணு. ராத்திரி அறைக்குள்ளேயே 12 டிகிரிக்கு இறங்குது. பெருசு படுக்கையை விட்டுட்டு ஃப்ரிட்ஜ் பின்னாடி போய்ப் படுக்குது. நாம இடுப்பு வலிக்கு வைக்கிற ஹீட்டிங் பேட் போடலாமா? வெந்நீர்ப் பை போதுமா?

சாம்பல்வால்:
அந்த பேட் வேண்டவே வேண்டாம். பூனையோட உடம்புச் சூடே 38, 39 டிகிரிதான். 45 டிகிரி நமக்கு இதமா இருக்கும், ஆனா அது மணிக்கணக்கா ஒரே இடத்துல பட்டா தோல் வெந்துடும். முடி மறைச்சிருக்கிறதால சில நாள் கழிச்சு முடி கொட்டி, தோல் உரியும்போதுதான் தெரியும். வயசான பூனை சட்டுனு எழுந்து நகராது, அதனால அதுக்குத்தான் ஆபத்து அதிகம்.

வெந்நீர்ப் பை போதும். கொதிக்கிற தண்ணி ஊத்தாதீங்க. முக்கால் பைக்குக் கொஞ்சம் குறைவா நிரப்பி, காத்தை அமுக்கி வெளியேத்திட்டு மூடுங்க. தடிமனான துண்டுல ரெண்டு சுத்து சுத்துங்க, குட்டியோட நகமும் பையில படாது. படுக்கையில பாதி இடத்துல மட்டும் வைங்க, சூடு தாங்கலைன்னா தள்ளிப் படுக்க இடம் வேணும். ஆறினதும் மறக்காம எடுத்துடுங்க. ஆறின பை பூனையோட சூட்டையே இழுத்துக்கும்.

மூவண்ணப்பூனை:
பைக்கு முன்னாடி படுக்கையைச் சரி பண்ணுங்க. தரை வழியாவும் சூடு நிறையப் போகும். அட்டைப் பெட்டிக்கு அடியில ரெண்டு செ.மீ. தெர்மாகோல் பலகை வைங்க. உள்ளே வெச்சா பிச்சுத் தின்னுடும். பூனை சுருண்டு படுத்தா சுத்தி நாலு விரல் இடம் இருந்தா போதும், பெரிய பெட்டி சூடே ஆகாது. 15 செ.மீ. வாசல், காத்து வராத பக்கமா. உள்ளே ஃப்ளீஸ் துணி.

மியாவ்வீடு:
ரெண்டுக்கும் ஒரே பெட்டி போதுமா?

மூவண்ணப்பூனை:
ரெண்டு பெட்டி வைங்க. குட்டி விளையாடக் கூப்பிட்டுப் பெருசைத் தூங்கவே விடாது. 3 மாசத்துல குட்டி தன் சூட்டைத் தானே காத்துக்கும்.

நாலுகால்:
பெருசுக்கு மூட்டு வலியும் இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுங்க. பூனை ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போற மண் தட்டைப் படுக்கைக்குப் பக்கத்துல, விளிம்பு தாழ்வா வைங்க. குளிர்ல தண்ணி குடிக்கிறது குறையும், அதனால ஈரச் சாப்பாட்டை வெதுவெதுப்பாக்கிக் கொடுங்க. ஆண் பூனை தட்டுல முக்கிக்கிட்டே இருந்து ஒண்ணுக்கு வரலைன்னா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே தூக்கிட்டு ஓடுங்க. சளிக்குத் தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எதுவும் தடவக் கூடாது. நக்கிடும், அது விஷம்.