குளத்து மீனுக்கு அசோலா, ஆகாயத்தாமரை போடலாமா?

புவனகிரி பக்கம்:
வணக்கம். அரை ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறேன், குஞ்செல்லாம் விரல் நீளத்தைத் தாண்டிவிட்டது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்து போடுகிறேன், புண்ணாக்கு விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. மாட்டுக்குப் போட்ட அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு செடி) தொட்டி வீட்டில் இருக்கிறது, வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. இரண்டையும் போட்டுப் புண்ணாக்கை நிறுத்திவிடலாமா?

பாகூர் விவசாயி:
நிறுத்திவிடாதீர்கள் அண்ணா. காய்ந்த அசோலாவில் 20 முதல் 30 சதவீதம் புரதம் இருப்பது உண்மைதான், ஆனால் பச்சையாக அள்ளினால் முக்கால்வாசிக்கும் மேலே தண்ணீர். ஒரு கிலோவைக் காயவைத்துப் பாருங்கள், ஐம்பது அறுபது கிராம்தான் மிஞ்சும், அதில் புரதம் சுமார் 15 கிராம். ஒரு கிலோ புண்ணாக்கில் 400 கிராமுக்கு மேல் இருக்கிறதே, அதை ஈடுகட்ட 25 கிலோவுக்கும் மேலே அசோலா வேண்டும், அதற்கு எங்கே போவது?

இன்னொன்று, நீங்கள் விட்டிருக்கும் மீன்களில் ரோகு கொஞ்சம் கொறிக்கும், அவ்வளவுதான். கட்லாவுக்கு மேல்தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்தான் தீனி, மிர்கால் அடியில் மேய்வது. அதனால் கொஞ்சம் புல்கெண்டை சேர்த்து விடுங்கள். அது இலையை நிறையத் தின்று பாதி செரிக்காமலே கழிக்கும், அந்தக் கழிவே தண்ணீருக்கு எருவாகி நுண்ணுயிர் பெருகும், கட்லாவுக்கும் தீனி கிடைத்துவிடும். வேலம்பாசி, கரையில் அறுத்த புல், எது போட்டாலும் தின்னும். அசோலாவின் லாபமே இந்த வழியில்தான்.

காட்டுமன்னார்கோயில்:
ஆகாயத்தாமரையைக் குளத்துக்குள் விடவே விடாதீர்கள் சார். நார் அதிகம், மீனுக்கு அது லாயக்கில்லை, ஒரு துண்டு ஒட்டிக்கொண்டாலும் படர்ந்து குளத்தை மூடிவிடும். கரையில் குவித்து மக்கவைத்தால் நல்ல உரம்.

புவனகிரி பக்கம்:
சரி, அசோலாவை அப்படியே குளம் முழுக்கத் தூவலாமா?

பாகூர் விவசாயி:
வேண்டாம். பிவிசி குழாயில் சட்டம் கட்டி ஒரு மூலையில் மிதக்கவிட்டு அதற்குள் போடுங்கள். தண்ணீர் மேலே முழுக்க மூடினால் வெயில் உள்ளே இறங்காது, விடியற்காலையில் பிராணவாயு குறைந்து மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சட்டத்துக்குள் போட்டால் எவ்வளவு தின்றிருக்கிறது என்றும் தெரியும், மிச்சம் கிடந்தால் மறுநாள் குறையுங்கள். சித்திரை வெயிலில் தொட்டிக்கு நிழல்வலை கட்டுங்கள், இல்லையென்றால் அசோலா சிவந்துபோகும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் வளராது.

காட்டுமன்னார்கோயில்:
புல்கெண்டைக் குஞ்சைக் கொஞ்சம் பெரிதாகப் பார்த்து வாங்குங்கள், பொடிக்குஞ்சு இலை தின்னாது. குளத்தில் விரால் இருந்தால் குஞ்சைத் தின்றுவிடும், முதலில் அதைப் பிடித்துவிடுங்கள்.