பெத்லகேம் என்று சொன்னவர்கள் ஏன் பெத்லகேமுக்குப் போகவில்லை?

ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை:

அனைவருக்கும் தோத்திரம். எங்கள் சபைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்து பிறப்பு நாடகம் பழக்கி வருகிறேன். மத்தேயு 2-ஆம் அதிகாரத்தில் ஏரோது ராஜா பிரதான ஆசாரியரையும், வேதத்தைக் கற்றுப் போதித்த வேதபாரகரையும் கூட்டி, கிறிஸ்து எங்கே பிறப்பார் என்று விசாரிக்கும் காட்சியில், வேதபாரகனாக நடிக்கும் பத்து வயதுப் பையன், பெத்லகேமிலிருந்து இஸ்ரவேலை ஆளுகிறவர் வருவார் என்னும் மீகா 5:2-ஐ வாசிக்க வேண்டும். டீத்தூள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த சார்ட் பேப்பர்தான் அவனுடைய சுருள். நேற்று அவன் வசனத்தைப் பிழையில்லாமல் வாசித்துவிட்டு, "டீச்சர், இனி நானும் பெத்லகேமுக்குப் போகவேண்டுமா, இங்கேயே நிற்கவேண்டுமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. தூர தேசத்துச் சாஸ்திரிகள் நட்சத்திரத்தைப் பார்த்து, பிறந்த ராஜாவைத் தேடிப் புறப்பட்டு வருகிறார்கள். வசனத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் ஏன் அசையவில்லை? மேசியாவை, அதாவது கிறிஸ்துவை, அறிவதும் அவரிடம் போவதும் வெவ்வேறு காரியங்களா?

பழைய நாள் வாசகன்:

சகோதரி, அவர்கள் போகவில்லை என்று மத்தேயு எழுதவில்லை. போனதாகவும் எழுதவில்லை. நம் பிரசங்கங்கள் அந்த மௌனத்தை "அலட்சியம்" என்று நிரப்பிப் பழகிவிட்டன. எருசலேமிலிருந்து பெத்லகேம் சுமார் 9 கிலோமீட்டர்தான். காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம் என்பதால் அவர்களைக் குற்றம்சாட்டுவது சுலபமாகிவிடுகிறது. ஆனால் 7-ஆம் வசனத்தைக் கவனியுங்கள்: ஏரோது சாஸ்திரிகளை அழைத்துப் பேசியது இரகசியமாக. வேதபாரகருக்கு அந்த நட்சத்திரத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது என்பதே கேள்விக்குரியது.

கேட்டவன் யார் என்பதையும் மறக்கவேண்டாம். சொந்தக் குமாரர்கள் மூவரைக் கொல்வித்த அரசன் அவன். தேவாலய வாசலின்மேல் அவன் வைத்திருந்த பொன் கழுகைச் சில வாலிபர்கள் வெட்டி வீழ்த்தியபோது, அவர்களைத் தூண்டிய நியாயப்பிரமாண போதகர்களையும் உயிரோடு எரித்தான் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அது கி.மு. 4-இல், அவனுடைய கடைசி நாட்களில் நடந்தது. அப்படிப்பட்டவனுடைய அரண்மனையில் நின்று வேறொரு ராஜா பிறக்கும் ஊரின் பெயரைச் சொன்னவர்கள், வெளியே வந்து எந்தத் திசையில் நடந்தாலும் கண்காணிக்கப்படுவோம் என்று அஞ்சியிருக்கலாம். இது என் ஊகமே.

கிணற்றடி:

பயம் ஒரு காரணமாக இருக்கலாம், ஐயா. ஆனால் அது முழு விடை அல்ல. அதே மீகா வசனம் யோவான் 7-இல் மறுபடியும் வருகிறது, அங்கே ஏரோது இல்லை. தாவீது இருந்த பெத்லகேம் ஊரிலிருந்தல்லவா கிறிஸ்து வரவேண்டும், இந்த இயேசு வடக்கேயுள்ள கலிலேயாவைச் சேர்ந்தவர் ஆயிற்றே என்று ஜனங்களில் சிலர் வாதிடுகிறார்கள். மத்தேயுவில் வழிகாட்டிய வசனம் இங்கே வழியை அடைக்கிறது. வசனம் தவறல்ல, இயேசு எங்கே பிறந்தார் என்று அவரிடமே ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதிகாரிகளோ, கலிலேயாவிலிருந்து ஒரு தீர்க்கதரிசியும் எழும்புகிறதில்லை என்று அடித்துச் சொல்கிறார்கள். (யோனா தீர்க்கதரிசி காத்தேப்பேர் ஊரான் என்று 2 இராஜாக்கள் 14:25 சொல்கிறது, அந்த ஊர் கலிலேயாவில்தான் இருந்தது. படித்தவர்களுக்கும் அவசரத்தில் இப்படி நேர்கிறது.)

அந்த அதிகாரிகளின் கூட்டத்திலேயே நிக்கொதேமு என்பவரும் உட்கார்ந்திருந்தார். ஒருவன் சொல்வதைக் கேட்டறியும் முன்னே அவனை ஆக்கினைக்குட்படுத்த நம்முடைய நியாயப்பிரமாணம் இடம் கொடுக்கிறதா என்று மட்டும் கேட்டார், அதற்கே "நீரும் கலிலேயனோ?" என்ற ஏளனம் கிடைத்தது. அவரும் இஸ்ரவேலில் போதகர்தான். யோவான் மூன்றாம் அதிகாரத்தில் இயேசுவிடம் இரவில் வருகிறார். ஏழில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். பத்தொன்பதில், சீஷர்கள் சிதறிப்போன பிறகு, இயேசுவின் உடலை அடக்கம்பண்ண வெள்ளைப்போளமும் கரியபோளமும் என்ற வாசனைப்பொருட்களைக் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் சுமந்துகொண்டு பகலிலே கல்லறைக்கு வருகிறார். "நீர் மேசியா" என்று அவர் வாய்திறந்து சொன்னதாக யோவான் எங்கும் எழுதவில்லை. அந்த நூறு இராத்தலைத்தான் நான் அவருடைய அறிக்கையாக எண்ணுகிறேன்.

பங்குக் கோவில் பாடகர்:

இன்னொரு பக்கமும் உண்டு. எருசலேமில் இருந்த எல்லாரும் தவறவிட்டார்கள் என்று நாடகத்தில் காட்டிவிடாதீர்கள், அம்மா; அது யூத மக்களைப் பழிப்பதாக முடியும். லூக்கா 2-இல் சிமியோனும் முதியவரான அன்னாவும் அதே நகரத்தில்தான் மேசியாவுக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் பெத்லகேமுக்கு நடக்கவில்லை; ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத பெற்றோர் இரண்டு பறவைகளைக் காணிக்கையாக்க வந்த தேவாலயத்தில் குழந்தையைக் கண்டுகொண்டார்கள். சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்திக் கடவுளைப் புகழ்ந்தார்.

ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. நிக்கொதேமுவை இந்தக் காட்சியோடு சேர்த்து நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இன்று ஒத்திகையில் பையனிடம், அவர்கள் போனார்களா என்று வேதத்தில் எழுதவில்லை, அந்த ராஜா மிகவும் பொல்லாதவன், அதனால் நீ சுருளோடு மேடை ஓரத்தில் நில் என்றேன். அவன் சுருளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே, "ராஜா தூங்கின பிறகு போகலாமா, டீச்சர்?" என்றான். போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். விளக்கை அணைத்ததும் அவன் மேடையைக் கடந்து நடப்பான்.